முப்பத்து நாலு பல் சக்கரமும் அக்காவின் முட்டியும்

1

போன வருஷம் நான் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்ட அதே மேட்டில், போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சைக்கிளில் ஏறினேன். இந்த முறை விழவில்லை, நிற்கவும் இல்லை, உச்சி வரை ஏறி முடித்தேன். சந்தோஷமாக எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் நான் கோபமாக இருக்கிறேன். ஒரு வருஷமாகவே கோபமாகத்தான் இருக்கிறேன். திருத்தணியில் இருக்கும் என் ஜனங்களுக்கு அது தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கோபத்தில் பாதி அவர்களுக்குச் சேர வேண்டியது.

நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர். கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. நாற்பது வயதைத் தாண்டியதும் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்கு எப்போதும் அலுப்பு, அதனால் ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கி, ஊர் சைக்கிள் கிளப்பில் சேர்ந்தேன். ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் கிளப்பில் எல்லோரும் சேர்ந்து மலைமேல் ஒரு பெரிய சவாரி போவார்கள். கோடைக்கு விடை கொடுப்பதாம்.

கிளப் தலைவர் ஹோல்கர். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், தொடை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சைக்கிளின் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, 'அடடே, சுமதி உயிர்காப்பு வளையம் மாட்டியிருக்கிறாள்' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீரில் தத்தளிப்பவர்களுக்கு வீசுவார்களே, அந்த வளையத்தின் பெயரைத்தான் பின்னால் இருக்கும் பெரிய பற்சக்கரத்துக்கு இங்கே வைத்திருக்கிறார்கள். நீந்தத் தெரியாதவர்களுக்கான சாமான் என்று அர்த்தம். நானும் சிரித்துவைத்தேன். இருபது வருஷமாக இந்த நாட்டில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரே காரியம் அது.

2

சைக்கிள் கியர் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், விஷயம் சின்னதுதான். முன்னால் பெடலோடு சேர்ந்து சுற்றும் பற்சக்கரங்கள் இரண்டு, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பின்னால் டயரோடு சேர்ந்து சுற்றுபவை பதினொன்றோ பன்னிரண்டோ, சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கி வைத்திருப்பார்கள். நடுவில் செயின். சமதளத்தில் பறக்க வேண்டுமானால் முன்னால் பெரியது, பின்னால் சின்னது. மேடு ஏற வேண்டுமானால் நேர்மாறு. முன்னால் எவ்வளவு சிறியதோ, பின்னால் எவ்வளவு பெரியதோ, மிதிப்பது அவ்வளவு லேசு. வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

நான் வாங்கிய வண்டியில் முன்னால் சிறிய சக்கரத்துக்கு முப்பத்தாறு பல். பின்னால் பெரிய சக்கரத்துக்கு இருபத்தெட்டுப் பல். பந்தயக்காரர்களுக்கான அளவு. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் போகும். செங்குத்து மேட்டில் ஒவ்வொரு மிதிக்கும் என் உடம்பையும் வண்டியையும் அத்தனை தூரம் மேலே தூக்க வேண்டும். முன்னால் முப்பத்து நாலு, பின்னால் முப்பத்து நாலு என்று போட்டிருந்தால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், போதும். வித்தியாசம் ஒன்றரை முழம்கூட வராது. அந்த ஒன்றரை முழத்தில்தான் என் எலும்பு போனது.

இதை வாங்கும்போதே கேட்டேன். மலைப்பக்கம் ஓட்டப்போகிறேன், இன்னும் லேசான கியர் இருக்கிறதா என்று. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். முப்பத்து நாலு பல் போட வேண்டுமானால் செயினைத் தள்ளும் பின்கையையும் நீளமானதாக மாற்ற வேண்டும், இப்போதிருக்கும் குட்டைக் கை அவ்வளவு பெரிய சக்கரத்தைத் தாங்காது, செயினும் நீளம் போதாது, வீண் செலவு என்றார். சொல்லிவிட்டு அதைவிடப் பெரிய செலவு ஒன்றை நீட்டினார். பட்டனை அழுத்தினால் கியர் மாறும் எலக்ட்ரானிக் செட். ஜப்பான்காரன் செய்வது எப்படி ஓசையில்லாமல் விழுகிறது, அமெரிக்காக்காரனுடையதில் எப்படி ஒயரே இல்லை, இத்தாலிக்காரனுடையது கைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு மணி நேரம் ஓதினார். பட்டன் எத்தனை அழகாக இருந்தாலும் பின்சக்கரத்தில் ஒரு பல்லைக்கூடக் கூட்டாது. இது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஹோல்கரிடமும் கேட்டேன். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. பின்னால் சக்கரங்களின் அளவு நெருக்கமாக இருந்தால் ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு மாறும்போது கால் தடுமாறாது. முப்பத்து நாலு வரை இழுத்தால் நடுவில் இடைவெளி விழும், மிதிக்கும் தாளம் கெடும். உண்மைதான். முன்னால் ஒரே சக்கரம் வைத்த வண்டிகளில் அந்த இடைவெளி இன்னும் அதிகம். என் மகள் இனியாவின் வண்டி அப்படிப்பட்டது. முன்னால் ஒன்றே ஒன்று, பின்னால் சாப்பாட்டுத் தட்டு மாதிரி நாற்பத்து நாலு பல். அவள் பாட்டுக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஏறுகிறாள், தாளம் கெட்டதாகத் தெரியவில்லை. ஹோல்கர் அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் தன் நெற்றியைத் தட்டிக் காட்டி, எல்லாம் இங்கேதான் இருக்கிறது சுமதி, காலில் இல்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் மன்னிக்கவே போவதில்லை.

3

விழுந்தது இப்படி. கடைசி வளைவுக்கு முன்னால் சாலை சுவர் மாதிரி நிமிரும். இருப்பதிலேயே லேசான கியருக்கு எப்போதோ வந்துவிட்டேன். அதற்குமேல் இல்லை. பெடல் சுற்றுவது மெதுவாகி, இன்னும் மெதுவாகி, ஒவ்வொரு மிதிக்கும் முட்டியில் சுருக் என்றது. ரேஸ் சைக்கிளில் ஷூ பெடலோடு பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். திருப்பிக் காலை ஊன்றி, இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். எந்த ஜெர்மன்காரனும் அதைத்தான் செய்திருப்பான்.

நான் செய்யவில்லை. எங்கள் ஊரில் மலை ஏறத் தொடங்கிவிட்டால் காவடியை நடுவழியில் கீழே இறக்கக் கூடாது. மயக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பவன் தோள் மாற்றிக்கொள்வான், காவடி தரையைத் தொடாது. பிறந்ததிலிருந்து ஆடிக் கிருத்திகைக்கு ஆடிக் கிருத்திகை அதைப் பார்த்து வளர்ந்த புத்தி, ஜெர்மன் மேட்டில், சைக்கிள் மேல் உட்கார்ந்துகொண்டு, நடுவில் காலை ஊன்றாதே என்றது. வேண்டுதலும் இல்லை, காவடியும் இல்லை, சாமியும் இல்லை. வண்டி நின்றது. நின்ற வண்டியோடு சேர்ந்து, வெட்டிய மரம் மாதிரி வலது பக்கமாகச் சாய்ந்தேன்.

ஹோல்கர் ஓடி வந்தார், தன் சட்டையைக் கழற்றித் தலைக்குக் கீழே வைத்தார், ஆம்புலன்ஸ் வரும் வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு வாராவாரம் வீட்டுக்கு சூப் கொண்டுவந்தார். இப்படிப்பட்டவர்கள் மேல் கோபப்படுவது எவ்வளவு சிரமம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து காப்பீட்டு அலுவலகம். விபத்து என்றால் இங்கே உடனே கேட்பார்கள், மூன்றாம் நபரின் தவறு உண்டா என்று. யார் தலையிலாவது செலவைக் கட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். போனில் பேசிய அம்மாளிடம் உண்டு என்று சொன்னேன். யார் என்றாள். இருபத்தெட்டுப் பல் என்றேன். எனக்குக் கோபம் வந்தால் ஜெர்மன் மொழியின் ஆண்பால், பெண்பால், இரண்டும் கெட்டான் பால் எல்லாம் கலைந்துவிடும். நீளமான வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போக வேண்டும் என்பது மட்டும் தமிழச்சிக்குத் தவறாது. பத்து நிமிஷம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் தானாக விழுந்தது என்று போட்டுக்கொள்கிறேன் என்றாள். தானாக யாரும் விழுவதில்லை அம்மா என்று சொல்ல வந்தேன், அதற்குள் வைத்துவிட்டாள்.

4

நான் விழுந்த செய்தி ஊருக்குப் போனது. என் அக்கா கோமளா ஆர்.கே.பேட்டையில் இருக்கிறாள். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் விசைத்தறி. காலையிலிருந்து இரவு வரை நாலு தறிக்கு நடுவில் நின்றும் நடந்தும் முப்பது வருஷம் ஓட்டியதில் அவளுடைய இடது முட்டி தேய்ந்துவிட்டது. அரக்கோணத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, மாடிப்படி ஏறவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு என் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? மஞ்சள் துணியில் காசு முடிந்து, தங்கச்சி எலும்பு கூடி வரட்டும், ஆடிக்குக் காவடி எடுத்துப் படி ஏறி வருகிறேன் என்று திருத்தணி முருகனிடம் சொல்லிவிட்டாள்.

எலும்பு ஆறு வாரத்தில் கூடியது. தட்டு வைத்து ஆறு திருகாணி போட்டால் கூடாமல் என்ன செய்யும்? அக்கா போனில் அழுதாள், முருகன் கைவிடலை பாத்தியா என்றாள். அப்போதுதான் வேண்டுதலைப் பற்றிச் சொன்னாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து இனியா எழுந்து வந்துவிட்டாள்.

அவளுக்குப் பதினைந்து வயது. என்ன விஷயம் என்று ஜெர்மனில் கேட்டாள். நான் ஜெர்மனில் சொன்னேன். வேண்டுதல் என்ற சொல்லுக்கு நான் சொன்ன சொல் ஏதோ வங்கி ஒப்பந்தம் மாதிரி ஒலித்தது. கேட்டுவிட்டு, பெரியம்மா செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்றாள். ஒன்றும் ஆகாது என்றேன். அப்புறம் ஏன் செய்கிறாள், முட்டி போனால் அது அவளுடைய தவறுதானே என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். காப்பீட்டு அம்மாள் சொன்னதையேதான் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தாள். அக்கா வீடியோவில் கூப்பிட்டால் ஆங், ஆங் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு நழுவும் பெண், பெரியம்மாவைப் பற்றி முழுசாகப் பேசிய முதல் பேச்சு இதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாவாவிடம் பேசினேன். பாவா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தத் தெருவின் காவடிக் கூட்டத்துக்கு அவர்தான் முன்னால் நடப்பவர். மலைமேல் வரை நல்ல ரோடு இருக்கிறது, ஆட்டோ போகிறது, காவடியோடு ஆட்டோவில் போய் மேலே இறங்கட்டுமே என்றேன்.

"படியேறி வரேன்னு சொல்லிக்கினு ஆட்டோல போய் எறங்கினா அது வேண்டுதலா, டூரா? சாமி கிட்ட சொன்னத மாத்தக் கூடாதும்மா. மனசுல இருந்தா காலு தானா வரும்."

எல்லாம் நெற்றிக்குள் இருக்கிறது, காலில் இல்லை. ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, வேறு பாஷையில், அதே வாக்கியம். ஹோல்கரும் பாவாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் தொடை உலக்கை. இந்த வாக்கியத்தைக் காலில் வலி இருப்பவர்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அக்காவாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், அவள் பாவாவைவிடக் கெட்டி. நான் படின்னுதான் சொன்னேன், ஆட்டோன்னு சொல்லலை என்றாள். எங்கள் நைனா, அதாவது அப்பா, நூல் மூட்டையை சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். கியர் இல்லாத வண்டி. மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார், அவர் மட்டுமில்லை, எல்லோரும் தள்ளுவார்கள். இறங்கித் தள்ளுகிறானே என்று யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. நூலுக்கு ஒரு நியாயம், சாமிக்கு ஒரு நியாயமா என்று கேட்டேன். தறி நின்றுவிட்டது என்று அக்கா போய்விட்டாள்.

5

ஆடிக்கு நான் கிளம்பினேன். இனியாவுக்குப் பள்ளி விடுமுறைதான். ஆனால் சைக்கிள் பயிற்சி முகாம் இருக்கிறது, வரமாட்டேன் என்று அப்பாவோடு நின்றுகொண்டாள்.

கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். என் வண்டியில் முன்சக்கரங்களையும் பின் அடுக்கையும் செயினையும் மாற்றினேன். வேறு கடை. முப்பத்து நாலுக்கு முப்பத்து நாலு, நீளமான பின்கை. எடை கூடியது ஒரு வாழைப்பழ அளவு. வாங்கியதும் ஊர் ஓரத்து மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். மலை அப்படியேதான் இருந்தது. ஒரு அடி குறையவில்லை. மேலே போய்ச் சேர்வதற்குள் நான் செய்த வேலையும் குறையவில்லை, அதே உடம்பு, அதே உயரம். ஆனால் அந்த வேலை என் கால் தாங்கும் சின்னச் சின்னத் துண்டாக வந்தது, வலி வரவில்லை. பல்லைக் கடித்து இரண்டு வருஷம் நான் இழுத்துக்கொண்டிருந்தது மலையை இல்லை, எவனோ பந்தயக்காரனுக்காக முடிவு செய்த கணக்கை. உலகப் பந்தயக்காரர்களே இப்போது மலை நாளில் முப்பத்து நாலு போடுகிறார்கள் என்று அந்தக் கடைக்காரர் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கிருத்திகைக்கு முதல் நாள் பரணி. அன்று விடிகாலையில் சரவணப் பொய்கையில் குளித்து, மஞ்சள் புடவையில் அக்கா நின்றாள். பூக்காவடி தோளில் ஏறியது. பம்பை அடித்தது. எங்கள் தெருக்காரர்கள் இருபது பேர் போல. பாவா தன் காவடியோடு முன்னால். அரோகரா என்று கிளம்பினார்கள்.

பம்பைக்கு ஒரு வேகம் உண்டு. அது பாவாவின் காலுக்கு ஏற்ற வேகம். கூட்டம் அந்த வேகத்தில்தான் போகும், போக வேண்டும். அக்கா பின்னாலேயே போனாள். முதல் மண்டபம் வருவதற்குள் அவளுடைய இடது கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த படிக்கு இடது காலையே முன்னால் வைத்து எம்பினாள். அந்த எம்பலை எனக்குத் தெரியும். கடைசி வளைவுக்கு முன்னால் நான் மிதித்த கடைசி மிதி அது. இன்னும் இரண்டு படியில் இவள் விழப்போகிறாள் என்று என் உடம்புக்கே தெரிந்தது. அவள் இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன்.

மேலேயிருந்து பாவா திரும்பிப் பார்த்தார். நிக்காதீங்க, கூட்டத்த வுட்டுக் காவடி பிரியக் கூடாது என்று கையை ஆட்டினார். ஒரு வருஷக் கோபமும் அந்தப் படியில் வந்து நின்றது. எனக்கே என் குரல் தெரியவில்லை.

"பாவா, மலை உங்களுக்கும் அவளுக்கும் ஒரே ஒசரம்தான். காலு ஒண்ணு இல்ல. நீங்க போங்க. அவ காவடி கீழ எறங்காது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா அவ இனிமே பம்பைக்கு ஏற மாட்டா, அவ முட்டிக்குத்தான் ஏறுவா."

பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். ஊர் ஜனம் பார்த்தது. வெளிநாட்டுக்காரி வந்து சாமி காரியத்தில் கத்துகிறாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். பாவா பம்பைக்காரரைப் பார்த்துத் தலையசைத்து மேலே போனார்.

என் முட்டி வலிக்குப் பயிற்சி கொடுத்த பெண் சொல்லியிருந்தாள், படி ஏறும்போது நல்ல கால் முதலில், வலிக்கிற கால் பிறகு, இரண்டும் ஒரே படியில் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி. அக்காவுக்கு அதையே சொன்னேன். சின்னப் பிள்ளைங்க ஏறுற மாதிரி கீதே என்றாள். ஏறு என்றேன். வலது கால் மேலே, இடது கால் பக்கத்தில். நின்று ஒரு மூச்சு. மறுபடி வலது. எங்களுக்குப் பக்கத்தில், படிக்குப் படி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டு சில பெண்கள் ஏறினார்கள். படி பூஜை. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படிக்கும் செய்வார்கள். அவர்களுடைய வேகமும் எங்களுடைய வேகமும் ஒன்றாக இருந்தது. அவர்களை யாரும் சீக்கிரம் ஏறு என்று சொல்வதில்லை. சூரியன் ஏறி, படி காலைச் சுட ஆரம்பித்தது. ஒரு கையால் அக்காவின் இடுப்பையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வீடியோ எடுத்து இனியாவுக்கு அனுப்பினேன். பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினேன். அதுவும் கோபத்தில்தான்.

6

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. எங்கள் கூட்டம் எப்போதோ செலுத்திவிட்டு இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். மண்டபத்து நிழலுக்கு வெளியே, நிற்க இடமில்லாத நெரிசலில், பாவா நின்றுகொண்டிருந்தார். காவடி இன்னும் அவர் தோளில் இருந்தது. மற்றவர்கள் எல்லாம் செலுத்தி முடித்துவிட்டார்கள். இவர் மட்டும், கூட்டத்தில் ஒரு காவடி பின்தங்கியிருக்கும்போது முன்னால் போகிறவன் செலுத்தக் கூடாது என்று அத்தனை நேரம் இறக்காமல் நின்றிருக்கிறார். தோளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் வா என்றார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, இடுப்பில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். ஹோல்கரும் ஒவ்வொரு மேட்டிலும் உச்சியில் நின்று கடைசி ஆள் வரும் வரை காத்திருப்பார். இந்த மனிதர்கள் தங்கள் மேல் நிம்மதியாகக் கோபப்படவும் விடமாட்டார்கள்.

இரண்டு காவடியும் ஒன்றாகச் சென்றன. தரிசனம் ஆனது. வெளியே வந்து பிராகாரத்தில் உட்கார்ந்து அக்காவின் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். வீங்கியிருந்தது, ஆனால் கால் மடங்கியது, நீண்டது. தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு. இறங்கும்போதாவது ஆட்டோ என்றேன். இறங்கறதுக்கு வேண்டிக்கல என்று சிரித்தாள்.

அப்போது அவள் புடவைத் தலைப்பின் நுனியில் ஒரு முடிச்சைப் பார்த்தேன். மஞ்சள் துணி, உள்ளே காசு. பழைய காசைத்தான் உண்டியலில் போட்டுவிட்டாளே, இது என்ன என்று கேட்டேன். அக்கா முடிச்சைக் கையால் மூடிக்கொண்டாள்.

"உன் பொண்ணு என் கூட தமிழ்ல வாய் தொறந்து பேசணும்னு முடிஞ்சிகினேன். பேசினா, இதே மாதிரி படியேறி வரேன்னு சொல்லிட்டேன். நீ கத்தாத. கோயில்."

கத்தினேன். கோயில் என்று பார்க்காமல் கத்தினேன். பக்கத்தில் பிரசாதம் தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். பாவா என் பக்கம் திரும்பி, இது எனக்கும் தெரியாதும்மா என்றார். முதல் முறையாக அந்த மனிதருக்கு என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.

7

திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் இருக்கும் தாய்மார்களே, வெளிநாட்டில் பிள்ளை தமிழ் பேசமாட்டேன் என்கிறதே என்று வருத்தப்படும் என் தோழிகளே, உங்களிடம் ஒன்று சொல்கிறேன். இந்த ஒரு மாதமாக என் மகள் தமிழ் பேசிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு நடமாடுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இந்த வருஷமாவது சேர்க்கிறீர்களா என்று அந்தப் பள்ளி ஆசிரியை கேட்டபோது, யோசிக்கிறேன் என்று போனை வைத்தேன். வீட்டில் அவள் ஜெர்மனில் கேட்டால் நானும் ஜெர்மனிலேயே பதில் சொல்கிறேன். என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்ட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது? இருபத்தெட்டுப் பல்லில்தான்.

போன ஞாயிறு மேட்டில் ஏறியதும் இதை நினைத்துக்கொண்டேதான். விழுந்த இடத்தைத் தாண்டும்போது உயிர்காப்பு வளையம் சத்தமில்லாமல் சுற்றியது. உச்சியில் ஹோல்கர் நின்றிருந்தார். இன்னும் முப்பத்தாறுக்கு இருபத்தெட்டில்தான் ஓட்டுகிறார், குனிந்து இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் இங்கேதான் இருக்கிறது ஹோல்கர் என்று நெற்றியைத் தட்டிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பின் அடுக்கு எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்.

நேற்று மாலை அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். நான் சமையலறையில் இருந்தேன், கை முழுக்க மாவு. போனை இனியா எடுத்தாள். வழக்கம்போல ஆங், ஆங் என்பாள், என்னிடம் நீட்டுவாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் நீட்டவில்லை. என்னைப் பார்க்காமல், இன்னொரு கையில் எதையோ எழுதிவைத்துக்கொண்டு படிக்கிறவள் மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பெரியம்மா. படியில் ஏறினீர்கள். நான் பார்த்தேன். உங்கள் முட்டி இப்போது எப்படி இருக்கிறது?"

எந்த மனிதரும் பேசாத தமிழ். ஏதோ ஆப்பில் தேடி எடுத்திருக்கிறாள். உச்சரிப்பு முழுக்க ஜெர்மன். ஆனாலும் தமிழ். வேண்டாம்டி, வேண்டாம் என்று நான் ஓடிப்போய் போனைப் பிடுங்கினேன். திரையில் அக்கா, பின்னால் ஓடிக்கொண்டிருந்த தறியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இதெல்லாம் கணக்கில் வராது, படித்து ஒப்பித்தது, வாய் திறந்து பேசியதாகாது, நீ படி ஏறக் கூடாது என்று நான் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் நின்ற இனியாவைத்தான் பார்த்தாள்.

"முட்டி கெடக்கட்டும் கண்ணு. இன்னொரு வாட்டி சொல்லு."